இல்லற விளக்கு: அடுக்களை நெருப்பும் ஆடிக் காற்றும்



சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆனி பிறந்துவிட்டால் மேல்காற்று எழும்பும். ஆடியில் அது உச்சம் பெறும். செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் அக்காற்று, கொடியில் காயும் துணியை மட்டுமன்று, அடுப்பில் எரியும் சுடரையும் பறித்துச் செல்ல வல்லது. ஓர் ஆடி மாதத்து மாலையில் நாம் இதனை நேரில் கண்டோம்.

தறித் தெருவிலுள்ள ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். வீட்டுத் தலைவி எரிவாயு அடுப்பில் பாலைச் சிறு தீயில் வைத்துவிட்டு, முன்னறையில் செபமாலைக்கு வந்து அமர்ந்தார். திரு இருதயப் படத்தின் முன் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. செபம் முடிகையில் இருட்டிவிட்டது. ‘பால் என்ன ஆயிற்று?’ என்று தாய் கேட்க, பத்து வயதுப் பேரன் அடுக்களைக்கு ஓடி, மின்விளக்கின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான். பின்னாலேயே சென்ற ஆச்சி, “ஏலே, சுவிட்சைத் தொடாதே! அப்படியே திரும்பி வா!” என்று கூவினார். சன்னல் வழியே வந்த காற்று சுடரை அணைத்திருந்தது. திருகு திறந்தே கிடந்தது. கால் மணி நேரமாக வாயு ஓசையின்றிக் கசிந்து தரையில் படிந்திருந்தது.

ஆச்சி மெழுகுதிரியை அணைத்தார். மருமகள் அடுப்பின் திருகையும் ரெகுலேட்டரையும் மூடி, புறவாசல் கதவையும் சன்னல்களையும் திறந்தார். அனைவரும் முற்றத்திற்கு வந்தோம். தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் அந்தச் சிறுவனின் விரலுக்கும் சுவிட்சுக்கும் இடையே இருந்த அரைச் சாண் தூரத்தை நினைக்கும்போதெல்லாம் நம் உள்ளம் நடுங்குகிறது.

பருத்திமாரும் உடைமுள்ளும் எரித்துக் கண் கலங்கிய நம் தாய்மார்க்கு எரிவாயு ஒரு விடுதலையே ஆகும். 1955-ஆம் ஆண்டில் பம்பாய் நகரத்து வீடுகளை எட்டிய இவ்வசதி, சிற்றூர்களுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. தமிழக அரசு வழங்கிய இலவச அடுப்புகளாலும், 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்துப் பல்லியாவில் தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டத்தாலும் ஏழை இல்லங்களும் இதனைப் பெற்றன. அடுப்பு வந்த வேகத்தில் அதனை ஆளும் அறிவும் வந்ததா என்பதே நம் கேள்வி.

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அழுத்தத்தால் திரவமாக்கி அடைக்கப்பட்டது. ஒரு லிட்டர் திரவம் வெளிப்பட்டால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கலந்தாலே அது தீப்பற்றும். காற்றைவிடக் கனமானது ஆதலால் மேலே போகாமல் தரையிலும் மூலைகளிலும் பள்ளங்களிலும் தேங்கும். இயல்பில் அதற்கு மணமில்லை. கசிவை நாம் அறிவதற்காகவே மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருளைச் சிறிதளவு கலக்கின்றனர். ஆகவே அந்த நாற்றம் ஓர் எச்சரிக்கை மணி. சாம்பிராணிப் புகையால் அதை மறைப்பது பேதைமை.

புதிய சிலிண்டர் வந்ததும் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வாயுவின் நிகர எடை 14.2 கிலோ, வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும், இரண்டையும் கூட்டினால் வருவதே மொத்த எடை. கைப்பிடியின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் ஈரிலக்க ஆண்டும் காணப்படும். ஏ என்பது மார்ச், பி என்பது ஜூன், சி என்பது செப்டம்பர், டி என்பது டிசம்பர் முடிய என்று பொருள். அந்தக் கெடு கடந்த சிலிண்டரை ஏற்க வேண்டாம்.

வால்வின் மூடியைத் திறந்ததும் உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று நோக்குங்கள். ரெகுலேட்டரின் திருகு மூடிய நிலையில் இருக்கும்போதே அதைப் பொருத்துங்கள். பின்பு சோப்பு நுரையை இணைப்புகளில் தடவுங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திக் கசிவைச் சோதிப்பது, கிணற்றின் ஆழத்தைக் குதித்து அளப்பதற்கு ஒப்பாகும்! சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வாயு தீரும் வேளையில் சிலிண்டரைச் சாய்ப்பதும் வெந்நீரில் நிறுத்துவதும் அறவே கூடாது. ரப்பர்க் குழாயை வெடிப்புக் காணும் வரை வைத்திராமல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மூட்டும்போது முதலில் தீக்குச்சி, பின்பே திருகு. லைட்டராயின் திருகைத் திறந்த உடனே மூட்டுங்கள். இரண்டொரு நொடியில் பற்றவில்லையேல், திருகை மூடிவிட்டு, ஐந்து நிமிடம் காற்றோட்டம் விட்டு, மணம் இல்லை என்று கண்ட பின்னரே மீண்டும் முயலுங்கள். கனடா போன்ற குளிர் நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் வீட்டை வெதுவெதுப்பாக்க எரிவாயு உலை வைத்திருப்பதாக எழுதுகிறார்களே, அவற்றை மூட்டுவோர்க்கும் இதே கட்டளைதான்: வாயுவை அடை, ஐந்து நிமிடம் பொறு, தரையருகே முகர்ந்து பார், அதன் பின்னரே மூட்டு. நாடு வேறாயினும் நெருப்பின் இயல்பு ஒன்றே.

கசிவு தெரிந்தால் அன்று ஆச்சி செய்ததையே செய்யுங்கள். தீபம், ஊதுவத்தி, மெழுகுதிரி யாவற்றையும் அணையுங்கள். மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி எழும். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வெளியேறுங்கள். சிலிண்டரிலேயே கசிவு இருந்து, அணுக இயலுமாயின், ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் மூடியை வால்வில் அழுத்திப் பொருத்துங்கள். வெளியே வந்த பின்னரே தொலைபேசியைத் தொட்டு 1906 என்னும் அவசர எண்ணை அழையுங்கள்.

சுடரின் நிறத்தையும் கவனியுங்கள். நீலமாக எரிந்தால் நலம். மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடித்தால் வாயு முழுமையாக எரியவில்லை என்று அறிக. பர்னரின் துளைகளைத் துலக்குங்கள். அத்தகைய அரைகுறை எரிவில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆதலால் நம் மூக்கு இதனிடம் தோற்றுப்போகும். அடைத்த குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவியை வைப்பதும், மலையூர்களில் கரிக்கணப்பை மூட்டி அறையைத் தாழிட்டுத் துயில்வதும் உயிர் குடிக்கும் வழக்கங்கள். அக்கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துக.

இன்னொரு சொல். பருத்திச் சேலை நெய்யும் ஊரில் இருந்துகொண்டு, அடுப்படியில் நைலக்ஸ் சேலை உடுத்தி நிற்பது ஏனோ? அது உருகி உடலில் ஒட்டும். ஆடையில் தீப்பற்றினால் ஓடாதீர்கள். தரையில் படுத்துப் புரளுங்கள். கனத்த போர்வையால் மூடுங்கள். புண்பட்ட இடத்தில் இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். மையும் பற்பசையும் மருந்தல்ல.

அன்று முற்றத்தில் நின்றபோது, “இத்தனையும் எங்கே கற்றீர்கள், ஆச்சி?” என்று வினவினோம். “சிலிண்டர் கொண்டு வந்த பையன் முதல் நாளில் சொன்னான். மற்றவர்கள் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்” என்றார் அம்மூதாட்டி. அவர் எழுத்தறியாதவர்.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் பிள்ளைகளை அடுக்களைக்கு அழைத்துச் சென்று ரெகுலேட்டரை மூடும் விதத்தைக் காட்டுவோமாக. படுக்கைக்கு முன் அதனை மூடுவதை, வாசற்கதவைத் தாழிடுவதுபோல் நாள்தோறும் தவறாத வழக்கமாகக் கொள்வோமாக. காற்று ஆடியில் மட்டும் வீசுவதில்லை.