பழைய சைக்கிளுக்குப் புது பிரேக்கா? முதலில் ரிம்மைப் பாருங்கள்!

சைக்கிள் ஓட்டப் பலருக்கும் தெரியும். நிறுத்தத் தெரிந்தவர்தான் பத்திரமாக வீடு வந்து சேருவார்.

எளாவூர், சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் வரும். ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. ஒடிசாவில் உள்ள சிலிகாவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஏரிக்கரை ஓரமாக மீனவர் குப்பங்கள் இருக்கின்றன.

இந்தப் பக்கத்தில் சைக்கிள் என்பது உல்லாசச் சவாரிக்கு அல்ல. பிழைப்புக்கு! கேரியரில் மீன் கூடை. கூடைக்குள் ஐஸ் கட்டி. சில நேரம் முன் பாரில் ஒரு குழந்தை. இப்போது மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன. ஆனாலும் அப்பா காலத்துச் சைக்கிளை யாரும் லேசில் தூக்கி எறிவதில்லை.

அந்தச் சைக்கிளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-ல் தொடங்கப்பட்டது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் பட்டிதொட்டி எல்லாம் பரவின. அந்தக் காலத்துப் பெரிய சைக்கிள்களில் இருந்தது கம்பி பிரேக். கைப்பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பி மேலே இழுக்கும். பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் போய் ஒட்டும். சக்கரம் நிற்கும்.

ஆனால் ஏரிக்கரையில் உப்புக் காற்று வீசுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. மூட்டுகள் இறுகுகின்றன. மழையில் ரிம் நனைந்தால் கட்டை வழுக்குகிறது. கல்கத்தா நெடுஞ்சாலையிலோ லாரிகள் பறக்கின்றன. அங்கே ஒரு முழம் தள்ளி நின்றாலும் ஆபத்து!

இப்படிப்பட்ட ஒரு வீட்டில் மகன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம்:

"அப்பா, புது சைக்கிளில் இருக்கிற கான்டிலீவர் பிரேக்கை நம் வண்டிக்கும் பூட்டிவிடலாமே!"

மகன் சொல்வது சரியா? பாதி சரி!

அது என்ன பிரேக்?

சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிறு கைகள். ஒவ்வொரு கையும் போர்க்கில் பதித்த ஒரு முளையில் ஆடும். இரண்டு கைகளையும் ஒரு சிறு வயர் இணைக்கும். அந்த வயரை நடுவில் பிடித்து மேலே இழுத்தால், இரண்டு கட்டைகளும் ரிம்மை இரு பக்கமும் கவ்வும்.

கனமான டயருக்கு இது தடையாக நிற்காது. சுமை வண்டிக்கும் ஏற்றது. மூட்டை முடிச்சுடன் நெடுந்தூரம் போகும் மேல்நாட்டுச் சைக்கிள்காரர்கள் இதை விரும்பிப் பூட்டியது அதனால்தான்.

அப்படியானால் உடனே பூட்டிவிடலாமா? பொறுங்கள்! மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று: ரிம்

பழைய ரிம்மின் பக்கவாட்டு உருண்டையாக இருக்கும். கான்டிலீவர் கட்டைக்குத் தட்டையான பக்கம் வேண்டும். உருண்டையான பக்கத்தில் கட்டை பிடிக்குமா? எண்ணெய்க் குடத்தைக் கையால் பிடித்த கதைதான்! ஆகவே ரிம்மையும் மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. பழைய 28 அங்குலம், ஒன்றரை டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். இப்போது 700 என்று சொல்லும் ரிம்மில் அது 622 மில்லிமீட்டர். பழைய டயர் புது ரிம்மில் உட்காராது. ரிம்மின் விளிம்பும் சுமார் ஆறரை மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும்.

ஆறரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். கட்டை கொஞ்சம் மேலே போனால் டயரை அறுக்கும். கொஞ்சம் கீழே போனால் சக்கரக் கம்பிக்குள் நுழையும். அதனால் சக்கரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். முளையின் இடத்தைப் பிறகு குறியுங்கள்.

இரண்டு: முளை

பழைய பிரேமில் இந்த முளை கிடையாது. புதிதாகப் பற்றவைக்க வேண்டும். எந்த வெல்டிங் கடையிலும் செய்துகொள்ளலாமா? கூடவே கூடாது!

போர்க் என்பது மெல்லிய குழாய். இரும்புக் கதவுக்கு வைப்பதுபோல் சூடு வைத்தால் ஓட்டை விழும். அல்லது அந்த இடம் பலம் குறையும். பித்தளை வைத்து அளவான சூட்டில் பற்றவைக்கத் தெரிந்த கைதான் அதைத் தொட வேண்டும். துரு தின்ற போர்க்கை அவரும் தொடக்கூடாது. ஓடும்போது முன் போர்க் ஒடிந்தால், ஆள் தலைகுப்புறத்தான் விழுவார்.

மூன்று: பிடியும் வயரும்

கம்பி பிரேக்கின் கைப்பிடி வயரை இழுக்காது. அதையும் மாற்ற வேண்டும. வயரின் உறை வந்து முட்டி நிற்க, முன்னும் பின்னும் தாங்கி வேண்டும். தாங்கி இல்லாவிட்டால் என்னதான் அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது.

என் கட்சி

செய்தால் முழுதாகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் தொடாதீர்கள். அரைகுறை பிரேக், பிரேக் இல்லாததைவிட மோசம். ஏன் தெரியுமா? பிரேக் இல்லாதவன் பயந்து மெதுவாகப் போவான். புது பிரேக் பூட்டியவன் அதை நம்பி வேகமாகப் போவான்!

முழுதாக மாற்றப் பணம் இல்லையா? வெட்கப்பட ஒன்றும் இல்லை. பழைய கம்பி பிரேக்கையே ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்ந்த கட்டையை மாற்றுங்கள். வளைந்த கம்பியை நிமிர்த்துங்கள். மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ரிம்மில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. ஏரிக்கரைக்குப் போய் வந்த வண்டியை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். மழையில் முன்கூட்டியே பிரேக்கை மெல்லப் பிடியுங்கள். ரிம்மில் உள்ள ஈரம் துடைபடும்.

தினமும் ஒரு சோதனை செய்யுங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள். முன் பிரேக்கைத் தனியாகவும் பின் பிரேக்கைத் தனியாகவும் பாருங்கள். சக்கரம் உருண்டால், அன்று கூடையை ஏற்றாதீர்கள். நேராகச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

மகனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவன் புதுமையை விரும்பியது தப்பில்லை. அப்பாவின் உயிரைப் பற்றி நினைத்தானே, அது பெரிது! அவனையே உட்கார வைத்துக் கட்டையை மாற்றச் சொல்லுங்கள். மகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

கூடை மீன் ஒரு நாள் விற்காமல் போகலாம். மறுநாள் ஏரி மீண்டும் கொடுக்கும். போன உயிரை எந்த ஏரி கொடுக்கும்?