கோயில்பிள்ளைக்கு வயது 62

போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 38 வருசம் ஒரே பங்கில் கோயில்பிள்ளையாகக் கிடந்தவருக்குப் பிரியாவிடை. பங்குச் சாமியார் நாலு வார்த்தை பேசினார். நல்ல ஊழியராம், தாழ்ச்சியுள்ளவராம், இதற்கெல்லாம் சம்பளம் மோட்சத்தில்தான் கிடைக்குமாம். சனங்கள் கைதட்டினார்கள். ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு கவர். கவருக்குள்ளே 10,000 ரூபாய். அப்பா குனிந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் கும்பிடுதான் எனக்கு இன்னமும் எரிகிறது.

மாசக் கடைசிக்குள் கோயில் வீட்டைக் காலி பண்ணணும் என்பதை மேடையில் சொல்லவில்லை. அதைக் கணக்குப்பிள்ளை முந்தின வாரமே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கோயில்பிள்ளை என்றால் என்ன வேலை? விடியக்காலையில் எழுந்து திரிகால மணி அடிக்கணும். மறுபடி மத்தியானம், மறுபடி சாயந்திரம். கோயில் பெருக்கணும், பூசைச் சாமான் துலக்கணும், சக்கிறீஸ்தில் சாமியாருக்கு உடுப்பு எடுத்து வைக்கணும். ராத்திரி எவராவது இழுத்துக்கொண்டு கிடந்தால் அவஸ்தைப் பூசுதலுக்குச் சாமியாரைக் கூட்டிப் போகணும். செத்துவிட்டால் துக்கமணி, அப்புறம் குழி வெட்டுக்கு ஆள் சேர்க்கணும். ஆள் வராத நாளில் தானே மண்வெட்டி எடுக்கணும். இத்தனைக்கும் கடைசி மாசச் சம்பளம் 6,000 ரூபாய். இந்தக் காலத்தில்தான்.

தாத்தா ஊருக்குச் சாவு சொல்லப் போனவர். அப்பா துக்கமணி அடித்தவர். இரண்டுக்கும் நடுவில் ஞானஸ்நானம் இருக்கிறது என்கிறார்கள். எனக்கு ஒரு கயிறுதான் தெரிகிறது. எங்கள் பங்கில் இத்தனை வருசத்தில் ஊர்த்தெருவிலிருந்து ஒரு கோயில்பிள்ளை வந்ததில்லை. சேரியிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை போனதுமில்லை. குடிமைத் தொழிலுக்கு ஊழியம் என்று பேர் மாற்றினால் கூலி கேட்கிற வாயும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. சம்பளம் கேட்டால், "என்னப்பா, ஆண்டவர் வேலைக்குக் கணக்குப் பார்க்கிறியா?" என்பார்கள்.

பார்ப்போம். கணக்குப் பார்க்கச் சொல்வது திருச்சபையே. 1983-ஆம் வருசத்துத் திருச்சபைச் சட்டத்தில் 538-ஆம் எண், பங்குக்குரு 75 வயதில் பதவி விலகல் கடிதம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறது. விலகியவருக்குத் தக்க பராமரிப்பும் இருப்பிடமும் ஆயர் ஏற்பாடு செய்யணும். நியாயம்தான், வயசான மனுசனைத் தெருவில் விடக்கூடாது. அதே புத்தகத்தில் 231-ஆம் எண், திருச்சபைப் பணிக்கென்றே தங்களைக் கொடுத்த பொதுநிலையினருக்குக் குடும்பம் நடத்தத்தக்க ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் மருத்துவ வசதியும் உரிமை என்கிறது. உரிமை என்ற சொல்லே அங்கே இருக்கிறது. 1286-ஆம் எண் நாட்டின் தொழிலாளர் சட்டங்களை ஒழுங்காகக் கடைப்பிடிக்கச் சொல்கிறது. குருவுக்கான எண் நடைமுறையில் இருக்கிறது. கோயில்பிள்ளைக்கான எண் அலமாரியில் இருக்கிறது.

நாட்டுச் சட்டமும் ஒன்று உண்டு. பணிக்கொடைச் சட்டம்: கடைசி மாசச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருசங்களால் பெருக்கணும். 6,000 ரூபாய், 38 வருசம் என்றால் 1,31,538 ரூபாய். கவரில் இருந்தது 10,000. சட்டம் தெரிந்த ஒரு பங்குப் பேரவைக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார்: பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்துக்குத்தான் அது செல்லும், நம்ம பங்கில் மூணு பேர்தானே. அய்யா, கோயில் நிலத்துக்குப் பத்திரம் மறைமாவட்டத்தின் பேரில் இருக்கிறது. பள்ளிக்கூடமும் அதன் பேரில்தான். சாமியாரை மாற்றுவதும் அதுதான். சொத்துக்கு ஒரே உடம்பு, சம்பளத்துக்கு மட்டும் ஒவ்வொரு பங்கும் தனித்தனியா?

நல்ல சாமியார்களே கிடையாதா என்று கேட்பார்கள். உண்டு. அப்பா 11 பேரைப் பார்த்தவர். அதில் ஒருத்தர் என் தங்கச்சி காலேஜ் ஃபீஸைத் தன் கையிலிருந்து கட்டினார், அவரை மறக்கமாட்டோம். ஆனால் நல்லவர் மாற்றலாகிப் போன மறுமாசம் வீட்டில் கஞ்சி. எவர் வருகிறார் என்பதைப் பொறுத்து எங்கள் வயிறு நிரம்புவதற்குப் பேர்தான் தயவு. அது எங்களுக்குப் பழைய சரக்கு.

வெளியிலும் கதவில்லை. 1950-ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவனான தலித்தை அட்டவணைச் சாதிப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பவுத்தரையும் சேர்த்தார்கள், நாங்கள் வாசலிலேயே நிற்கிறோம். அந்த வழக்குக்கும் ஊர்வலத்துக்கும் ஆயர்கள் வருகிறார்கள், வரட்டும். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஒப்புக்கொண்டது. எட்டு வருசம் முந்தி, 2008 மார்ச்சில், எறையூர்த் தலித்துகள் தனிப்பங்கு கேட்டதற்காக அவர்கள் வீடுகள் நொறுக்கப்பட்டன. கலவரத்தில் போலீஸ் சுட்டு வன்னியத் தரப்பில் 2 பேர் செத்தார்கள். டெல்லியிடம் நீதி கேட்கிற திருச்சபை தன் மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கிற ஆளுக்குப் பணிக்கொடை கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறியவரின் குரல் அது. வெளியேறாமல் கடைசிவரைக்கும் கிடந்தவர்களின் கணக்கு இன்னும் பாக்கி. பக்கத்துப் பங்குகளின் கோயில்பிள்ளைகளையும் உபதேசியார்களையும் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். பலபேர் பயப்படுகிறார்கள். பேரன் கோயில் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், செத்தால் குழி கோயில் கல்லறையில், பயப்படாமல் என்ன செய்வார்கள்?

ஆயர் இல்லத்துக்கு மனு எழுதி அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடமாட்டார், சாமி மனசு நோகும் என்பார் என்றே நினைத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருதரம் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"முப்பத்தெட்டுன்னு போட்டிருக்க. நாப்பத்தொண்ணுடா. மொத மூணு வருசம் பழைய கோயில்பிள்ளைக்கு ஒடம்பு முடியலன்னு நாந்தான் மணி அடிச்சேன், சம்பளமில்லாம. அதயும் எழுது."