சாய மறுக்கும் யந்திரம்

குமரிக் கரையில் வள்ளம் மணலைத் தொடுமுன் அதன் பின்புற யந்திரத்தைச் சாய்த்து உயர்த்தியாக வேண்டும். இல்லையேல் புரொப்பெல்லர் உடையும். பழைய யந்திரங்கள் சில அசைய மறுக்கின்றன. பின்னோட்டக் கியரில் இருந்தால் கொக்கி பூட்டியிருக்கும். அதை முதலில் பார்ப்பது நலம். மெய்யான வியாதி வேறு. அலுமினியப் பிடிக்குள் எஃகுக் குழாய் செல்கிறது. உப்புநீர் பட்டதும் அலுமினியம் அரிக்கப்பட்டு, வெண்பொடியாகி இடுக்கை இறுக்குகிறது. உடனே சம்மட்டியைத் தேடுவோரை நாம் அறிவோம். பிடி பிளந்தால் யந்திரத்துக்கு ஏது ஆதாரம்? துரு இளக்கும் எண்ணெயை மூட்டில் விட்டு ஓரிரவு காத்திருக்கலாம். பின்பு பிடியின்மேல் கொதிநீர் ஊற்றினால், அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரிந்து சற்றே நெகிழும். அப்போது மேலும் கீழுமாகச் சிறுகச் சிறுக அசைக்க வேண்டும். மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும்! இளகியபின், பழைய அழுக்கு வெளியேறும் வரை புதுக் கிரீஸை ஏற்றுவது அவசியம்.