கேள்வி என்னும் அதிகாரம்

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்து வள்ளுவப் பெருந்தகை வைத்திருப்பது 'கேள்வி' என்னும் அதிகாரம். இங்கே கேள்வி என்றால் வினா அன்று. காதால் கேட்டு அறிவது. நம்மில் பலர் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம், மதிப்பெண்ணும் வாங்கினோம், பிறகு மறந்தும் விட்டோம். நானும் அவர்களுள் ஒருத்தியே. சென்ற ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி அந்த அதிகாரத்தை எனக்கு மறுபடியும் நினைவூட்டியது. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஒலியினால் மட்டும் கதை சொல்லும் கலை இன்று மறுபிறவி எடுத்துள்ளது. பாட்காஸ்ட் என்றும் வலையொலி என்றும் அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் துயரத்தையோ, ஓர் ஊரின் பண்பாட்டையோ, ஒரு தனி மனிதரின் வாழ்க்கையையோ அரை மணி, முக்கால் மணி நேரம் நிதானமாகச் சொல்கிறார்கள். படம் கிடையாது, குரல் மட்டுமே. "படமே இல்லாமல் இவ்வளவு நேரம் யாரடி கேட்பார்கள்?" என்பது என் தோழியரின் வாதம்.

கேட்டவர்கள் இருந்தார்கள். இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு 1941ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. அதற்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம். 'ஒலிபரப்புக் கலை' என்றொரு நூலையும் அவர் எழுதினார். அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் நாள் வரை வானலையில் ஒலித்தது. நம் ஆவடியிலேயே அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பு நிலையம் உண்டு. ஆயினும் என் பாட்டிக்குப் பிடித்தது கடல் தாண்டி வந்த இலங்கை வானொலிதானாம்! வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணிக்குத் தபால் அட்டை எழுதியவர்கள் நம் பங்கிலேயே இருப்பார்கள். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு வேரித்தாஸின் சிற்றலை ஒலிபரப்பும் நின்று, எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டது.

இனி, நான் சொல்ல வந்த நிகழ்ச்சி.

ஒரு போட்டிக்காக மூன்று நிமிட ஒலிச்சித்திரம் ஒன்று தயாரிக்கும் பொறுப்பு எங்கள் நால்வருக்குக் கிடைத்தது. 'புலம்பெயர்ந்தோர்' என்பது தலைப்பு. தோழி ஒருத்தியின் குடும்பத்துக்குத் தெரிந்த ஓர் அம்மா, புழல் காவாங்கரையில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அவரைப் போய்ப் பார்த்தோம். தேநீர் கொடுத்து உட்கார வைத்து, 47 நிமிடம் பேசினார்.

1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பேட்டரி உட்படப் பல பொருள்களை உள்ளே கொண்டுவரத் தடை. அப்படியானால் செய்தி கேட்பது எப்படி? மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிப் பெட்டியை ஓட்டினார்களாம். தமிழ்நாட்டில் வாழும் நமக்குக் கேட்கவே வியப்பாக இருக்கிறது. அங்கே அது அன்றாட நடைமுறை. அந்த அம்மாவுக்கு அப்போது நம் வயதுதான். இரவு 9.15 மணிக்குத் தமிழோசை. அக்கம்பக்கத்தார் முற்றத்தில் கூடி நிற்பார்கள். சுற்றுவது இவர் வேலை. கை தளர்ந்தால் இலண்டன் குரலும் தளர்ந்துவிடும். எல்லாரும் "சுத்து, சுத்து" என்பார்கள். பக்கத்து ஊரில் விழுந்த குண்டைப் பற்றி, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து வரும் குரல் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குரலும் தம் கைவலியில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லிச் சிரித்தார்.

1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகர மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது அவர் குடும்பமும் கிளம்பியது. மறு ஆண்டு மன்னார்ப் பக்கமிருந்து கடல் கடந்து இராமேசுவரம் வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவை வெட்டினோம். மூன்று நிமிடத்தில் எது நிற்கும்? இருட்டு, அலை, குழந்தையின் வாயைப் பொத்திய தாய், மணல்திட்டில் இறக்கிவிட்ட படகோட்டி. இவற்றை வைத்தோம். பின்னால் சோக இசையும் சேர்த்தோம். சைக்கிள் கதை முழுவதும் போயிற்று. நிகழ்ச்சி எல்லாருக்கும் பிடித்திருந்தது, பரிசும் கிடைத்தது. கேட்டவர்களில் சிலர் கண் கலங்கினார்கள்.

பிறகு அதை அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். அமைதியாகக் கேட்டார். முடிந்ததும் அவர் சொன்னது: "வள்ளத்தில வந்தது ஒரு இரவுதான் பிள்ளை. சைக்கிள் சுத்தினது அஞ்சு வருசம். அதை ஏன் விட்டிட்டீங்கள்?"

எங்களிடம் பதில் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் பொய் எதுவும் சேர்க்கவில்லை. அவர் சொன்ன சொற்களையே வைத்திருந்தோம். ஆயினும் அங்கே ஒலித்தது அவர் அல்லர். 'அகதி' என்றவுடன் எங்கள் மனத்தில் முன்பே இருந்த ஒரு படத்துக்கு அவர் குரலை ஒட்டிவிட்டோம். அழும் பெண் எங்களுக்குத் தேவைப்பட்டாள். முற்றத்தில் ஊரையே நிறுத்திவைத்து இலண்டனைச் சுழலவிட்ட சிறுமி எங்களுக்குத் தேவைப்படவில்லை. குறுகிய நேரத்தில் எதையும் சொல்லத்தான் வேண்டும் என்றால், கேட்பவர் ஏற்கெனவே அறிந்ததைத்தான் சொல்ல முடியும். அறியாததைச் சொல்ல நேரம் வேண்டும். ஆழமான ஒலிக்கதைகளை நான் ஆதரிப்பதற்கு இதுவே காரணம்.

நீளமாகப் பேசினால் மட்டும் போதுமா என்று நம் வரலாற்று ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. ருவாண்டா நாட்டில் 1993ஆம் ஆண்டு ஆர்.டி.எல்.எம். என்றொரு தனியார் வானொலி தொடங்கப்பட்டது. இசையும் நகைச்சுவையுமாகப் பேசி இளைஞர்களைக் கவர்ந்தது. டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்றது. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஏறத்தாழ நூறு நாள்களில் இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது, ஒளிந்திருந்தவர்களின் பெயர்களையும் இடங்களையும் அதே வானொலி அறிவித்தது. அந்நாட்டு மக்களில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர் என்பதை நாம் வெட்கத்தோடு நினைவுகூர வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன், 1986 பிப்ரவரியில், பிலிப்பைன்ஸ் நாட்டில் கர்தினால் சின் வேரித்தாஸ் வானொலியில் பேசினார். மக்கள் வீதிக்கு வந்து, ஜெபமாலையுடன் பீரங்கி வண்டிகளின் முன் மண்டியிட்டார்கள். கருவி ஒன்றுதான். ஒலிபரப்பின் நீளத்தைப் பார்த்தால் ஆர்.டி.எல்.எம். யாருக்கும் குறைந்ததன்று. ஆனால் எந்த மக்களைப் பற்றி அது ஓயாமல் பேசியதோ, அம்மக்களின் கதைக்குச் செவி கொடுக்கவில்லை. ஒலிபெருக்கியின் முன் நிற்பவருக்கு முதலில் காது இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆசிரியை இதை முழுமையாக ஏற்கவில்லை. காதுள்ளவரும் தவறு செய்யலாம் என்றார். நாங்கள் செய்ததே சான்று.

விவிலியத்தில் சிறுவன் சாமுவேல் இரவில் தன் பெயர் கேட்டு மூன்று முறையும் குரு ஏலியிடம் ஓடுகிறான். குரல் தெளிவாகத்தான் கேட்கிறது. யாருடையது என்றுதான் புரியவில்லை. நான்காம் முறையே சரியாகக் கேட்கிறான். கேட்பதற்கும் பயிற்சி வேண்டும் போலும்.

அந்தப் பயிற்சியை நம் பள்ளி தர வேண்டும் என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்களிடம் பணிவுடன் வேண்டுகிறேன். மாதத்தில் ஒரு நூலக வகுப்பைக் கேட்கும் வகுப்பாக மாற்றலாம். பாடத்திட்டம் முடியவில்லை என்று சொல்வார்கள். ஆண்டுவிழா நடன ஒத்திகைக்காக நாம் இழந்த வகுப்புகளை யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? (இதற்காக என்னைக் கோபிக்க வேண்டாம், நானும் ஆடினேன்.) முதலில் நல்ல பதிவுகளைக் கேட்போம், பின்பு நாமே பதிவு செய்வோம். பாம்பனில் 2016ஆம் ஆண்டு முதல் 'கடல் ஓசை' என்னும் சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே இயங்கிவருகிறது. அலைவரிசை நமக்குக் கிடைக்காது. ஆனால் செல்பேசி எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

உலகப் பிரச்சினைகளைத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதுமில்லை. வெள்ளானூரில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வயல்கள் எப்படி மனைகளாயின என்று அவர்கள் வாயாலேயே கேட்கலாம். ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் பீரங்கி வண்டி செய்து ஓய்வுபெற்றவர்கள் உண்டு. நம் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்து கல் அறுப்பவர்கள் உண்டு. அவர்களுடைய மொழியில் 'தண்ணீர்' என்பதற்கு என்ன சொல் என்று என் வகுப்பில் கேட்டேன். நாற்பத்திரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. பக்கத்து வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி படிக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளிடம் கேட்டேன். 'பாணி' என்றாள்.

அந்த அம்மாவிடம் அனுமதி பெற்று, 47 நிமிடப் பதிவையும் வெட்டாமல் நூலகக் கணிப்பொறியில் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் கடைசி மணி அடித்த பின் வந்து கேட்கலாம். முப்பத்தொன்றாம் நிமிடத்தில் குக்கர் விசில் அடிக்கும். இரைச்சல் என்று நாங்கள் முதலில் வெட்டியது அந்த இடத்தைத்தான். அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறார். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, தம் அப்பா அந்தச் சைக்கிளை யாரிடம் விட்டுவிட்டு வந்தார் என்பதைச் சொல்லத் தொடங்குகிறார்.