கங்கைகொண்ட சோழபுரத்துல இன்னொரு விமானம்

கங்கைகொண்ட சோழபுரம் போய்ட்டு வர்ற மக்கள் இப்பல்லாம் தவறாம ஒண்ணு கேட்கறாங்க. "ட்ரோன் ஒண்ணு வாங்கி கோயில் விமானத்தை மேலே இருந்து படம் புடிச்சா எப்படி இருக்கும்?" சூப்பரா இருக்கும். ஆனா கூடாது. ஏன் கூடாதுன்னு கீழே சொல்றேன். அதுக்காக அந்த ஆசையைத் தூக்கிப் பரண்ல போட வேண்டாம். என் கட்சி இதுதான்: பறக்க விடணும்னு ஆசை வந்தா, ட்ரோன் பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, மோட்டார் இல்லாத ஒரு கிளைடரை உங்க கையால கட்டுங்க. ரிமோட் வெச்சு ஓட்டுற கிளைடர்தான். பாதுகாப்பாப் பறக்க விடறதுன்னா என்னன்னு அது கத்துக்குடுக்கற அளவுக்கு வேற எதுவும் கத்துக்குடுக்காது.

"மோட்டாரே இல்ல, தெர்மாகோல் பொம்மை, அதுக்கு எதுக்குய்யா பாதுகாப்பு?" இந்தப் பின்னூட்டம் வரும்னு தெரியும் :-) அதனால முதல்ல ஒரு சின்னக் கணக்கு.

ஒன்றரை மீட்டர் இறக்கை, அதோட அகலம் இருபது சென்டிமீட்டர், மொத்த எடை 600 கிராம். புதுசா ஆரம்பிக்கிறவங்க கட்டுற சைஸ் இது. சாதாரணமா மணிக்கு 27 கி.மீ. வேகத்துல மிதந்துட்டு வரும். அப்ப அதுகிட்ட இருக்கிற இயக்க ஆற்றல் சுமார் 17 ஜூல். மூக்கைக் குத்திக்கிட்டு மணிக்கு 72 கி.மீ. வேகத்துல வந்தா? 120 ஜூல். அதே வேகத்துல வர்ற கிரிக்கெட் பந்துக்கு 32 ஜூல்தான். அதாவது, கட்டுப்பாடு போன 'பொம்மை' தலைக்கு நேரா வந்தா, கிரிக்கெட் பந்தை மாதிரி கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஹெல்மெட் போட்டுக்கிட்டு யாரும் கோயிலுக்கு வர்றதில்ல.

இன்னொரு கணக்கு. இதுதான் ரொம்ப முக்கியம். சுமாராக் கட்டின தெர்மாகோல் கிளைடர்கூட ஒரு மீட்டர் கீழே இறங்கறதுக்குள்ள பத்து மீட்டர் முன்னாடி போயிடும். கங்கைகொண்ட சோழபுரம் கோயில் விமானத்தோட உயரம் 53 மீட்டர்னு யுனெஸ்கோ குறிப்பு சொல்லுது. நம்ம குட்டி விமானம் அந்த உசரத்துல இருக்கும்போது ரேடியோ தொடர்பு அறுந்து போச்சுன்னு வெச்சுக்குங்க. அது எந்தப் பக்கம் வேணும்னாலும் 530 மீட்டர் போய் விழலாம். ஒரு கிலோமீட்டருக்கு மேல குறுக்களவு உள்ள வட்டம் அது. காத்து அடிச்சா இன்னும் பெருசு. கோயிலைச் சுத்தி அப்படி ஒரு வட்டம் போட்டுப் பாருங்க. திருச்சி - சிதம்பரம் நெடுஞ்சாலை, டூரிஸ்ட் பஸ், ஊர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, புல்வெளியில கட்டுச்சோறு பிரிச்சு உக்காந்திருக்கிற குடும்பங்கள்னு எல்லாமே உள்ள வந்துடும். ஆடித் திருவாதிரை அன்னிக்குக் கேட்கவே வேணாம்.

ட்ரோன்ல கோளாறு வந்தா பெரும்பாலும் இருந்த இடத்துக்குக் கீழேயே பொத்துன்னு விழும். கிளைடர் விழாது, பறந்துட்டே இருக்கும். அதோட அழகும் ஆபத்தும் ஒண்ணுதான்.

அதனாலதான் கோயில்கிட்ட கூடாதுங்கறேன். சட்டமும் அதையேதான் சொல்லுது. தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னம் அது. 2004-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல தஞ்சைப் பெரிய கோயிலோட இதையும் தாராசுரத்தையும் சேர்த்தாங்க. அனுமதி இல்லாம மேலே எதையும் பறக்க விட முடியாது. ராஜேந்திர சோழன் கட்டின கோயிலோட மதில் கல்லைப் பேர்த்து 1836-ல கொள்ளிடத்துக்குக் குறுக்கே அணை கட்ட எடுத்துட்டுப் போன கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோயில் பட்டது போதும், நாமளும் நம்ம பங்குக்கு வேணாம்.

'சரி, தஞ்சாவூர் போறேன்'னு கிளம்பிடாதீங்க. அங்க விமானப்படைத் தளமே இருக்கு. 2020 ஜனவரியில சுகோய்-30 படைப்பிரிவு ஒண்ணு அங்க வந்துச்சு. அவங்களோட போட்டி போட நம்மால ஆகாது.

பொதுவான சட்டம் பொழுதுபோக்குக்காரங்களுக்கு ரொம்பக் கடுமையா இல்ல. 2021 ட்ரோன் விதிகள்ல 'மாடல்'னு தனியா ஒரு வகையே வெச்சிருக்காங்க. 25 கிலோவுக்கு மிகாம, படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு மாதிரி காரியத்துக்காக, கண் பார்வைக்குள்ள மட்டும் ஓட்டினா, வகைச் சான்றிதழ் தேவையில்ல. 2 கிலோ வரைக்கும் வியாபார நோக்கம் இல்லாம ஓட்டினா பைலட் லைசென்ஸும் தேவையில்ல. பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் தனியா அனுமதி வாங்க வேண்டாம். ஆனா உங்க இடம் பச்சையா மஞ்சளா சிவப்பான்னு அரசாங்கத்தோட வான்வெளி வரைபடத்துல கிளம்பறதுக்கு முன்னாடி பார்த்துடணும். பதிவு விவரங்களையும் அப்பவே பார்த்துக்குங்க.

அப்ப எங்கதான் பறக்க விடறது? இந்த விஷயத்துல ரைட் சகோதரர்கள்கிட்ட கத்துக்கணும். அவங்க சொந்த ஊர் டேட்டன். அங்க இருந்து அத்தனை தூரம் கிட்டி ஹாக் போனதுக்குக் காரணம் ரெண்டு. நிலையான காத்து, விழுந்தா அடிபடாத மணல். 1902-ல அந்த மணல்மேட்டுல எழுநூறுல இருந்து ஆயிரம் தடவை வரைக்கும் கிளைடர்ல பறந்து கட்டுப்பாட்டைக் கத்துக்கிட்டாங்க. இஞ்சின் வந்தது அதுக்கு அடுத்த வருஷம்தான். நமக்குப் பள்ளிக்கூடத்துல 1903 மட்டும்தான் சொல்லிக்குடுத்தாங்க. 1902-தான் உண்மையான பாடம்.

நம்ம ஊர்ல கிட்டி ஹாக் எது? சோழகங்கம்ங்கற பொன்னேரி. ராஜேந்திரன் கங்கை வெற்றிக்கு அடையாளமா வெட்டினது. வடக்கு தெற்கா 16 மைல் நீளத்துக்குக் கரை இருந்துச்சுன்னு வெள்ளைக்காரங்க காலத்துக் குறிப்புகள் சொல்லுது. கோடையில வத்திக் கிடக்கிற ஏரிப் படுகை மாதிரி வசதியான இடம் கிடைக்காது. பயிர் இல்லாத, கம்பி போகாத, ஆள் நடமாட்டம் இல்லாத பகுதியாப் பார்த்து, ஊராட்சியிலயோ நிலத்துக்காரர்கிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. கேட்டா பெரும்பாலும் டீயும் கிடைக்கும்.

காலைல ஒன்பது பத்து மணிக்கு மேல காஞ்ச தரை சூடாகி, அங்கங்கே காத்து மேலே கிளம்பும். தெர்மல்னு சொல்றது இதைத்தான். எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், அண்ணாந்து பாருங்க. பருந்து இறக்கையை அடிக்காம வட்டம் போடுதா? அங்கதான். அதுக்குப் பக்கத்துல போகலாம், துரத்தக் கூடாது. புதுசா கட்டின விமானத்தைச் சோதிக்கிறதுன்னா காலைல ஆறரை, ஏழு மணி. காத்து அசையாத நேரம்.

ஆனி, ஆடியில பறக்கணும்னு நினைக்கவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற மேல்காத்து திருச்சி, பெரம்பலூர் தாண்டி இங்கேயும் வாங்கும். வடக்கு தெற்கான ஏரிக்கரையில அந்தக் காத்து நேரா மோதும். மோதுற பக்கம் கொஞ்சம் மேலே தூக்கும், கரையைத் தாண்டின கிழக்குப் பக்கம் சுழிச்சு கீழே அமுக்கும். கரைக்குப் பின்னாடி தரை இறக்கப் போனா கதை கந்தல்.

இனி கட்டுறது. பாதுகாப்புங்கறது பறக்க விடும்போது வர்றது இல்ல, கட்டும்போதே வர்றது. இது என்னோட முக்கியமான வாதம். பொட்டி தட்டற மக்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, டிசைன்ல விட்டதை டெஸ்டிங்ல புடிக்க முடியாது.

1. எடை. எடை ரெண்டு மடங்கானா, மிதக்கத் தேவையான வேகம் 1.4 மடங்காகும். மோதும்போது இருக்கிற ஆற்றல் நாலு மடங்காகும். 'கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்'னு கம்பியும் பலகையும் சேர்க்கிறவங்க, பலமா கட்டல, ஆபத்தாக் கட்டறாங்க.

2. மூக்கு. தெர்மாகோலோ வேற ஃபோமோ, மெத்துன்னு இருக்கணும். எடை சமன் பண்ண வைக்கிற ஈயத்துண்டு அதுக்குப் பின்னாடி இருக்கட்டும், முன்னாடி துருத்தக் கூடாது.

3. இறக்கையை உடம்போட ரப்பர் பேண்டால கட்டுங்க. ஒட்டாதீங்க. மோதினா இறக்கை கழண்டு விழும், அடி குறையும், நீங்களும் அஞ்சு நிமிஷத்துல மறுபடி மாட்டிடலாம்.

4. இறக்கை நுனிகள் மேல் நோக்கி நிமிர்ந்து இருக்கட்டும். ரட்டர், எலிவேட்டர் ரெண்டு கட்டுப்பாடு போதும். குச்சியை விட்டுட்டா தானா நேராகிற விமானம்தான் முதல் விமானம்.

5. எடை மையம். இறக்கை அகலத்துல முன்விளிம்புல இருந்து முப்பது சதவீதத்துல ஆரம்பிங்க. இருபது சென்டிமீட்டர் அகலம்னா ஆறாவது சென்டிமீட்டர். ரெண்டு விரல் நுனியில தாங்கினா மூக்கு லேசா தாழ்ந்து நிக்கணும். பின்னாடி சாய்ஞ்சா பறக்க விடவே கூடாது, நாளைக்கு வாங்க.

பால்சா மரம் விலை ஜாஸ்தி, அரியலூர்ல கிடைக்காது. அதனால என்ன? ஸ்டேஷனரி கடைத் தெர்மாகோல், மூங்கில் குச்சி, பேக்கிங் டேப் போதும். ஃபெவிக்விக் மாதிரி பசை தெர்மாகோலைக் கரைச்சுடும், ஃபெவிகால் போட்டு ஒரு ராத்திரி பொறுங்க. சர்வோ, ரிசீவர், பேட்டரிக்கு மட்டும் ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ. இதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

பறக்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம். ஒண்ணு, தூரச் சோதனை: ட்ரான்ஸ்மிட்டர்ல அதுக்கான குறைந்த சக்தி முறை இருந்தா அதுல வெச்சு முப்பது தப்படி தள்ளி நின்னு எல்லாம் அசையுதான்னு பாருங்க. ரெண்டு, திசை: வலது தள்ளினா ரட்டர் வலதுதானா? மூணு, தொடர்பு போனா என்ன ஆகணும்னு ஃபெயில்சேஃப் அமைப்பு. ரட்டரைக் கொஞ்சம் ஒரு பக்கம் திருப்பி வெச்சிருந்தா, அந்த ஒரு கிலோமீட்டர் வட்டத்துல ஊர்வலம் போகாம, சின்ன வட்டம் போட்டே கீழே வந்துடும். ரேடியோ இல்லாத காலத்துல, திரி புகைஞ்சு முடிஞ்சதும் வால் நிமிர்ந்து விமானத்தைக் கீழே இறக்குற ஏற்பாடு வெச்சிருந்தாங்க. அதே யோசனைதான். நாலு, கூட ஒரு ஆள். நீங்க வானத்தைப் பார்க்கும்போது தரையைப் பார்க்க ஒருத்தர் வேணும், ஆடு மாடு மேய்க்கிறவங்க திடீர்னு வருவாங்க.

போர்வெல் மோட்டாருக்குப் போற மின்கம்பியில மாட்டினா அந்த விமானத்தை மறந்துடுங்க. கம்பு போட்டுத் தட்டறது, ஏறுறது எதுவும் கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லுங்க. தெர்மாகோல் மறுபடி வாங்கலாம்.

கடைசியா ஒண்ணு. கிளைடரை உசரத்துக்கு அனுப்ப, முப்பது மீட்டர் ரப்பரும் நூறு மீட்டர் நைலான் நூலும் சேர்த்து கவண் மாதிரி இழுத்து விடற முறை உண்டு. அந்த நூலை ஏரிக்கரைப் பாதைக்குக் குறுக்கே போட்டா அதுக்குப் பேர் மாஞ்சா. சென்னையில காத்தாடி விட்டதுக்காக யாரும் தடை கேட்கல. பைக்ல போனவங்க கழுத்தை மாஞ்சா அறுத்துச்சு, குழந்தைங்க செத்தாங்க, தடை வந்துச்சு. அதோட நல்ல நூல்ல காத்தாடி விட்டுக்கிட்டிருந்த பசங்களையும் சந்தேகமாப் பார்க்க ஆரம்பிச்சாங்க. ஒரு பொழுதுபோக்கு இப்படித்தான் சாகும். எதிரிங்க வேண்டியதில்ல, அலட்சியமா இருக்கிற நாலு பேர் போதும். நூலைப் போட்டா சிவப்புத் துணி கட்டி, ஒரு ஆளை நிறுத்தி, முடிஞ்சதும் சுருட்டி வைக்கணும். இதுல சமரசமே கிடையாது.

ட்ரோனை நான் திட்டல. வயலுக்கு மருந்தடிக்கவோ படம் எடுக்கவோ அதுதான் சரி. 2018-ல குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோட தக்‌ஷா அணி, நடிகர் அஜித் ஆலோசகரா இருக்க, ஆஸ்திரேலியாவுல நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில ரெண்டாவது இடம் வாங்கினாங்க. அந்த அஜித்தும் மாடல் விமானம் பறக்க விட்டுப் பழகினவர்தான். ட்ரோன் நிலையா நிக்கிறது உள்ள இருக்கிற சிப்புக்குத் தெரிஞ்சதால. கிளைடர் நிலையாப் பறக்கிறது கட்டினவனுக்குத் தெரிஞ்சதால. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்ப ஊர் ஊருக்கு 'ட்ரோன் பயிற்சி'ன்னு ஒரு நாள் வகுப்பு நடக்குது. பசங்க ரெண்டு நிமிஷம் குச்சியைத் தொட்டுட்டு சர்டிபிகேட் வாங்கிட்டு வர்றாங்க. என்.சி.சி. விமானப் பிரிவு இருக்கிற இடத்துல மாடல் விமானம் கட்டறது பயிற்சியிலயே இருக்கு. ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்து அரசுப் பள்ளியில படிக்கிற பிள்ளைக்கு அது எத்தனை தூரம்? ஒரு பள்ளிக்கு ஒரு கிளைடர், ஒரு இயற்பியல் வாத்தியார், ஒரு வத்தின ஏரி. சில ஆயிரம் ரூபாயில முடியற விஷயம். ஈர்ப்பு மையம் என்னன்னு பத்து மார்க்குக்கு எழுதற பிள்ளை, அதை ரெண்டு விரல்ல தொட்டுப் பார்க்கட்டுமே.

அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க யாராவது இதைப் படிச்சா, நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துல போய்ப் பேசுங்க. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போவீங்கல்ல, அப்பவே.

டிஸ்கி: முதல் விமானம் கட்டாயம் உடையும். அதனால முதல்லயே ரெண்டு செட் இறக்கை வெட்டி வெச்சுக்குங்க :-)