மொட்டை மாடியும் மின்சாரப் பில்லும்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு சச்சரவு தவறாமல் தலைதூக்கும். மின்சாரக் கணக்கு எடுக்கிறவர் வந்து போன அன்று மாலையே அது ஆரம்பமாகிவிடும். "ராத்திரி பூராவும் விளக்கு எரிந்தால் பில் ஏறாமல் என்ன செய்யும்?" என்பார் குடும்பத் தலைவர். பேச்சு அப்படியே, "சிலிண்டர் ஒரு மாதம்கூட வரவில்லையே" என்று அடுப்பங்கரைக்குத் தாவும். கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் வீட்டு அம்மாள்தான்.

பாவம், அவள் தன்னாலானதைச் செய்துகொண்டுதான் இருக்கிறாள். பருப்பை முன்கூட்டியே ஊறவைக்கிறாள். பாத்திரத்தை மூடி வேகவைக்கிறாள். கொதி வந்ததும் தீயைத் தணிக்கிறாள். கொதிக்கிற தண்ணீர் எவ்வளவு எரித்தாலும் அதற்குமேல் சூடாவதில்லை என்ற பௌதிக சாஸ்திரம் அவளுக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும். விளக்கோ ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு. பத்து மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. அதற்கா இத்தனை ரகளை?

உண்மையான திருடன் தலைக்கு மேலே இருக்கிறான்.

நகரத்து வீடுகளில் இன்று பெரும்பாலும் இருப்பது நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம். காலை முதல் வாங்கிய உஷ்ணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அஸ்தமனத்திற்குப் பிறகு அதை அறைக்குள் இறக்குகிறது. இரவு பத்து மணிக்கும் மாடி அறையில் மின்விசிறி அனலை வீசுவது அதனால்தான். பழைய சென்னை வீடுகளில் மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு, அதற்கும் மேலே தட்டோடு பதித்தார்கள். அந்தக் கனத்தைத் துளைத்து இறங்குவதற்குள் வெயிலின் வேகம் அடங்கிவிடும். இப்போது கட்டுகிறவர்களில் சிலர் செலவை மிச்சப்படுத்தி வெறும் தளத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம் அவர்களுக்கு, பில் குடியிருப்பவருக்கு!

வெந்து போன குடும்பம் தவணையில் ஏ.சி. வாங்குகிறது. ஒன்றரை டன் இயந்திரம் முழு மூச்சில் ஓடினால் மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் தின்னும். மேல்தளம் சுடுகிறவரை அதற்கு ஓய்வும் கிடைக்காது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதத்தையே பாருங்கள்: இரண்டு மாதத்திற்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய், இன்னும் ஒரே ஒரு யூனிட் கூடினால் 1,958 ரூபாய். எல்லைக்கோட்டை மிதித்த குற்றத்திற்கு 233 ரூபாய்!

இதற்கு மருந்து மலிவானது. மாசி முடிவதற்குள் மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவி, கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பசை சேர்த்துக் கரைத்து, இரண்டு மூன்று பூச்சுப் பூசினால் போதும். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டினுள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை தணியக்கூடும். மழையில் கரையும் என்பது வாஸ்தவம். ஆண்டுதோறும் அடிக்கத்தான் வேண்டும். வசதியுள்ளவர்கள் வெள்ளை ஓடு பதிக்கலாம். தெலங்கானா அரசு 2023-ல் குளிர் கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. விஷயம் அவ்வளவு அற்பமானதல்ல.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மொட்டை மாடி வீட்டுக்காரருடையது, பில் குடித்தனக்காரருடையது. "மேலே கொஞ்சம் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தால் நன்றாயிருக்கும்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டால், "உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லையே, சார்!" என்று பதில் வரும். சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுப்பதைக் கடமையாக ஏற்கிறவர் தளத்தை மட்டும் ஏன் மறக்க வேண்டும்? பகலில் விரிந்து இரவில் சுருங்கித் தளம் வெடித்தால் நஷ்டம் அவருக்குத்தானே? வெள்ளைப் பூச்சு அதையும் ஓரளவு தடுக்கும். ஆகவே அட்வான்ஸ் பேசும்போதே மாடிச் சுண்ணாம்பையும் பேசிவிடுவது உத்தமம். தாமே செலவு செய்து வாடகையில் கழித்துக்கொள்ளக் கேட்பதிலும் தவறில்லை.

அதற்கும் இசையாத வீட்டுக்காரரானால், குடித்தனக்காரர் தம்மோடு எடுத்துச் செல்லக்கூடியதில் பணத்தைப் போடலாம். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வருகிற பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். வீடு மாறும்போது அதைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம். மாடி வெயிலை மட்டும் அடுத்துக் குடிவருகிறவர் வாங்கிக்கொள்வார்.