படைச் சம்பளக் கடன்பத்திரங்கள்: முன்னாள் வீரர்களின் கோரிக்கை மனு

நாள்: 18 பிப்ரவரி 1790

அனுப்புநர்:
விடுதலைப் போரில் பணியாற்றிய மாசச்சூசெட்ஸ் படைவீரர்களின் சங்கம்

பெறுநர்:
மாண்புமிகு பிரதிநிதிகள் சபைத் தலைவர், உறுப்பினர்கள்;
மாண்புமிகு கருவூலச் செயலர் திரு. அலெக்சாண்டர் ஹாமில்டன்,
நியூயார்க்.

பொருள்: சம்பள பாக்கிப் பத்திரங்களை விற்றுவிட்ட வீரர்களுக்கும் பங்கு கோருதல் தொடர்பாக.

ஐயா,

1783 ஜூனில் எங்களை விடுப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். தோளில் துப்பாக்கி இருந்தது. அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று காங்கிரஸ் பெருந்தன்மை காட்டியிருந்தது. மூன்று மாதச் சம்பளத்துக்காக அப்போதைய நிதிக் கண்காணிப்பாளர் ராபர்ட் மாரிஸ் கையெழுத்திட்ட சீட்டுகளோ, பலர் புறப்பட்டுப் போன பிறகுதான் முகாமுக்கு வந்தன. மற்ற பாக்கிக்குப் படைச் சம்பள அதிகாரி ஜான் பியர்ஸ் 6 சதவீத வட்டிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

சிப்பாய்க்கு மாதம் 6⅔ டாலர். ஓராண்டுக்கு 80 டாலர். அந்த 80 டாலர் பத்திரத்தை 10 டாலருக்கு விற்றவர்கள் எங்களில் பலர். அவசரப்பட்டு விற்றது எங்கள் தவறாம். 1786-ல் எங்கள் மாநிலத்தில் வரியும் கடனும் வெள்ளிக்காசாகக் கேட்கப்பட்டபோது, வீட்டில் விற்க இருந்தவை இரண்டு: பசு, பத்திரம். பிள்ளைகளுக்குப் பால் வேண்டியிருந்தது.

இப்போது பத்திரம் எவர் கையில் இருக்கிறதோ அவருக்கே முழு உரிமை என்கிறது கருவூலச் செயலரின் ஜனவரி அறிக்கை. அந்தச் செய்தி ஊர்ப்புறங்களை எட்டுமுன்பே, பத்திரம் வாங்க மூன்று கப்பல்கள் புறப்பட்டன என்று ஜார்ஜியா உறுப்பினர் திரு. ஜேம்ஸ் ஜாக்சன் சபையிலேயே பேசியிருக்கிறார். நாங்கள் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

சபை உறுப்பினர் திரு. ஜேம்ஸ் மாடிசன் இம்மாதம் 11-ஆம் தேதி முன்வைத்த யோசனையை ஏற்க வேண்டுகிறோம். வாங்கியவருக்குச் சந்தையின் உச்ச விலை. மிச்சம், உழைத்துச் சம்பாதித்தவருக்கு. முதலில் பெற்றவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்ற வாதம்தான் விந்தையாக இருக்கிறது. ஒவ்வொரு பத்திரத்துக்கும் எண், பெயர், தொகை எழுதிப் பதிவேட்டில் ஏற்றியது அரசுதானே? எங்கள் கையில் பத்திரம் இல்லை என்பதற்காக அதிலுள்ள பெயர் அழிந்துவிடாது.

இன்னொன்று. 1786 ஆகஸ்ட் 1-க்குள் கணக்குக் கொடுக்காதவரின் கோரிக்கை செல்லாது என்று 1785-ல் தீர்மானம் போட்டார்கள். போரில் மாண்டவனின் மனைவிக்கு அந்தக் கெடுவை யார் போய்ச் சொன்னார்கள்? கெடுவைத் தளர்த்தி, விதவைகள், வாரிசுகளின் கணக்குகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பத்திரத்தை விற்ற உறுப்பினர்களின் பெயர், படைப்பிரிவு, தொகை அடங்கிய பட்டியலை இணைத்திருக்கிறோம். பியர்ஸின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்கள்